சிவப்பை மட்டும் பார்த்தால் போதுமா?

"கண்ணே, மணியே" என்று பிள்ளையைக் கொஞ்சாத தாயும் உண்டோ? பிள்ளையைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசும் நாம், அந்தப் பிள்ளையின் கண்ணே சிவந்து நிற்கும்போது என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்கிறோம். மருந்துக்கடை அண்ணனைக் கேட்கிறோம். "ஊரெல்லாம் இருக்கு, நாலு நாள்ல போயிடும்" என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். பல வேளைகளில் அது போயும் விடுகிறது. போகாத ஒரு வேளையை எங்கள் வீட்டில் கண்டோம். ஆகவேதான் இந்த ஆண்டு மலருக்கு மழையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ எழுதாமல் கண்ணைப் பற்றி எழுத அனுமதி கேட்டோம்.

எங்கள் ஊரைப் பேருந்தில் கடந்து போனவர் பலர். இறங்கி நின்று பார்த்தவர் குறைவு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இராப்பகலாய்க் கண்டெய்னர் லாரிகள். காலை 6 மணி ஷிப்டு, பிற்பகல் 2 மணி ஷிப்டு, இரவு 10 மணி ஷிப்டு என்று வரிசையாய்க் கம்பெனிப் பேருந்துகள். சாலையின் ஒரு புறம் சிப்காட் மதில். மறுபுறம் இன்றும் ஏரி நீர் பாயும் வயல். சொர்ணவாரி அறுவடை முடிந்ததும் நெல்லைத் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டிக் காயவைத்து, அங்கேயே தூற்றுவார்கள். லாரி கிளப்பும் புழுதியும் பட்டறை இரும்புத் தூளும் நெல் சுணையும் ஒரே காற்றில் பறக்கும் ஊர் எங்களூர். கண்ணுக்கு இத்தனை பகைவர் ஒரே இடத்தில் கூடுவது அரிது எனலாம்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நாங்கள் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் தம்பிக்கு ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், நெல் தூற்றிக்கொண்டிருந்த இடத்தில் சற்று நேரம் நின்று வேடிக்கை பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் வலக்கண்ணைக் கசக்கினான். "கசக்காதேடா" என்று அதட்டினோம். அத்துடன் மறந்தும் போனோம். செவ்வாய்க்கிழமை காலையில் கண் சிவந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாடெங்கும் மெட்ராஸ் ஐ பரவத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டு நவம்பருக்குள் ஏறத்தாழ 1.5 லட்சம் பேருக்கு அது கண்டதாக அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கூறினார். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கறுப்புக் கண்ணாடி. எனவே தம்பியின் கண்ணைப் பார்த்த எவருக்கும் ஐயமே எழவில்லை. ஆயா, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் சென்று, சங்கில் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார். மறுநாள் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார். வியாழக்கிழமை அப்பா வேலை முடிந்து வரும்போது கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். சீட்டு ஏதும் இல்லை. "பையனுக்குக் கண் சிவப்பு" என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்களாம்.

வெள்ளிக்கிழமை சிவப்பு குறைந்தது. வீடே மகிழ்ந்தது. ஆனால் தம்பி ஜன்னல் பக்கம் வர மறுத்தான். ஆயாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று நாங்கள்தான் முதலில் சொன்னோம். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் நெஞ்சு சுடுகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை முகம் கழுவிவிட்ட அம்மா, கருவிழியில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டார். "ஐயோ, கண்ணுல பூ விழுந்துடுச்சே!" என்று ஆயா அலறினார். அன்று அம்மா ஷிப்டுக்குப் போகவில்லை.

கண் மருத்துவமனையில் டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு சிவப்பு?" என்பதல்ல. "ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? வெளிச்சத்தைப் பார்க்கிறானா? அந்தக் கண்ணால் தெரிகிறதா?" என்றுதான் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பிறகு நாங்கள் கொண்டுபோன மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. தம்பிக்கு வந்தது மெட்ராஸ் ஐ அன்று; நெல் சுணை கீறிய இடத்தில் பூஞ்சை பிடித்துக் கருவிழியில் புண்ணாகியிருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கியது, பூஞ்சையை அடக்கவில்லை. கண்ணின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட்டதால் புண் தடையின்றி ஆழமாய் இறங்கியது. நாங்கள் மகிழ்ந்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் கண் விரைவாய்க் கெடத் தொடங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சிவப்பு என்பது கதவைத் தட்டும் ஓசை போன்றது. வந்திருப்பவர் விருந்தாளியா திருடனா என்பதை ஓசையைக் கொண்டு சொல்ல முடியாது. கண்ணை நிறையச் சிவக்கவைக்கும் சில நோய்கள் ஒரு கேடும் செய்யாமல் போய்விடும். கொஞ்சமே சிவக்கும் சில நோய்கள் பார்வையைக் கொண்டு போய்விடும்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ஊரின் பெயர் 1996இல் சென்னை என்று மாறியும் இந்த நோய் மட்டும் பழைய பெயரை விடவில்லை! எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் தலைவராயிருந்த கிர்க்பாட்ரிக் என்னும் மருத்துவர், சென்னையில் பரவிய கண்நோய் ஒன்றைப் பற்றி 1920இல் எழுதி வெளியிட்டார். கல்கத்தாவிலோ 1971இல் வங்கதேச அகதிகள் வந்த காலத்தில் கண்நோய் பரவியதால் அதற்கு 'ஜாய் பங்களா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், மனிதன் நிலவில் இறங்கிய 1969இல் வந்த கண்நோயை 'அப்போலோ' என்று அழைத்தார்கள். நோய் தரும் கிருமியை விட்டுவிட்டு ஊரையும் ராக்கெட்டையும் குற்றம் சொல்வதில் எல்லா நாட்டாரும் ஒன்றுதான் போலும்.

இந்த மெட்ராஸ் ஐ வந்தால் கண் சிவக்கும், நீர் வடியும், மண் விழுந்தாற்போல் உறுத்தும், காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் போகும். சளியோ தொண்டை வலியோ கூடவே இருப்பதுண்டு. வைரஸால் வருவதாகையால் ஆன்டிபயாடிக் சொட்டு அதை ஒன்றும் செய்வதில்லை. ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தானே தணியும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பீளையைத் துடைத்து, பஞ்சை எறிந்துவிட்டு, கையைச் சோப்பால் கழுவினால் போதும். குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுகிறது, பீளையைத் துடைத்ததும் பார்வை தெளிவாய் இருக்கிறது என்றால் எழும்பூருக்கு ஓட வேண்டியதில்லை. எல்லாச் சிவந்த கண்ணுக்கும் பயந்து ஓடச் சொல்வது எங்கள் கருத்தன்று. ஒரு நாள் கூலியை விட்டு ஓடுகிற வீட்டாருக்கு அந்த ஓட்டத்தின் விலை தெரியும்.

ஆனால் டாக்டர் அம்மா கேட்ட அந்தக் கேள்விகளை வீட்டிலேயே கேட்கலாமன்றோ? அதற்குக் காசு வேண்டியதில்லை. முதலாவது, வலி. உறுத்தல் வேறு, வலி வேறு. இரண்டாவது, வெளிச்சம். சின்னக் குழந்தைக்கு "கண் கூசுகிறது" என்று சொல்லத் தெரியாது. அது முகத்தை மடியில் புதைத்துக்கொள்ளும், கண்ணைத் திறக்க முயன்றால் வீறிட்டு அழும். மூன்றாவது, பார்வை. தினத்தாள் காலண்டரை வெளிச்சத்தில் மாட்டி, நோயுள்ள கண்ணை மட்டும் திறந்து படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளையானால், நல்ல கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிப் பார்க்கலாம். மற்றக் கண்ணால் தெரிந்தால் பேசாமல் இருக்கும். தெரியாவிட்டால் நம் கையைத் தட்டிவிடும். இம்மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மறுநாள் அல்ல, ஷிப்டு மாறிய பிறகும் அல்ல.

இவற்றைச் சோதித்துக்கொண்டிருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. பிறந்து 28 நாள் ஆகாத சிசுவின் கண் சிவந்து பீளை தள்ளினால், தாய்ப்பால் விட்டுக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிறப்பின்போது தொற்றும் சில கிருமிகள் ஓரிரு நாளில் கண்ணைக் கெடுக்க வல்லவை. இமை வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், கண் வெளியே பிதுங்கினால், அல்லது கண்ணை அசைக்கவே வலித்தால் இரவென்றும் பாராமல் கிளம்ப வேண்டும். கருவிழியில் வெள்ளை தெரிந்தாலும், கண்ணருகே சிறு கொப்புளங்கள் கண்டாலும் அப்படியே. கண்ணில் எதுவோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடி அழைத்துப்போக வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றே சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆயாக்களின் சுண்ணாம்பு. சிறு பிளாஸ்டிக் பையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பிள்ளைகள் எடுத்து அமுக்கி விளையாடுகின்றன. அது பீய்ச்சிக் கண்ணில் பட்டால் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமே இல்லை. சுண்ணாம்பு கண்ணை வேகவைத்துவிடும். அந்த இடத்திலேயே, குழாயோ குடமோ எது கிடைத்தாலும் சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய பிறகுதான் ஆட்டோ தேட வேண்டும். வேறெந்த மருந்தும் எண்ணெயும் விடக் கூடாது. இந்த ஒரு நோயில் மட்டும் மருத்துவமனையைக் காட்டிலும் தண்ணீர் முந்த வேண்டும்.

மற்றொன்று, சாலையோர வெல்டிங் பட்டறை. ஷட்டரும் கேட்டும் செய்யும் பட்டறைகளில் நீல வெளிச்சத்தைப் பிள்ளைகள் கூட்டமாய் நின்று பார்க்கின்றன. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடுஇரவில், மண்ணை அள்ளிப் போட்டாற்போல் இரு கண்களும் எரியும். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அரைக்கும் இயந்திரத்திலிருந்து தெறித்த இரும்புத் துகளாயின் வேறு கதை. சிறு துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்திருந்தும் வெளியே கொஞ்சம் சிவப்பு மட்டுமே தெரியலாம்.

எங்கள் தம்பியின் கதைக்கு வருவோம். மூன்று வாரம் அவனுக்கு மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. இரவிலும் எழுப்பி விட்டோம். அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றப் போய் ஒரு மாதச் சம்பளம் போயிற்று என்று அப்பா சொல்லுவார். அப்பாவின் இ.எஸ்.ஐ. அட்டை அத்தனை நாளும் பீரோவில் உறங்கிற்று. புண் ஆறியது, ஆறிய இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. பெரியவர்களுக்கு வந்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். குழந்தைக்கு அப்படியன்று. ஏழெட்டு வயது வரைக்கும் பார்வையே வளர்ந்துகொண்டிருக்கிறது. மங்கலான கண்ணை மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டால், அது சோம்பிப்போய்விடுமாம். ஆகையால் அவனுடைய நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, கெட்ட கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள். நன்றாகத் தெரியும் கண்ணை மூடிக்கொண்டு இரு என்று ஐந்து வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள்!

ஆயாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்தது அதுதான். தாய்ப்பால் பச்சைக் குழந்தைக்கு அமுதம். கீறல் பட்ட கண்ணில் விட்டாலோ கிருமிக்குச் சோறு. பூவிலும் இலைச் சாற்றிலும் பூஞ்சை இருக்கலாம். சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரரை மன்னிப்பதுதான் கடினமாயிருக்கிறது. ஆனால் அவரையும் நாம் அல்லவா டாக்டராக்கினோம்? கேட்கத் துணை இல்லாவிட்டால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பழைய புட்டியை அடுத்த பிள்ளைக்கு விடுவதும், திறந்து ஒரு மாதம் தாண்டியதை வைத்திருப்பதும் இன்றும் பல வீடுகளில் நடக்கிறது.

இனி, சற்றுத் துணிந்து ஒன்று சொல்ல வேண்டும். தலைமை அருட்சகோதரி அவர்களும் இதை வாசிப்பார்கள் என்று அறிந்தே எழுதுகிறோம்.

நம் பள்ளியில் ஆண்டு விழாவன்று முழு வருகைக்குப் பரிசு உண்டு. ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பெயர் பொறித்துத் தருவார்கள். அதற்கு ஆசைப்படாத மாணவி இல்லை; நாங்களும் ஆசைப்பட்டிருக்கிறோம். 2022 நவம்பரில், நாலைந்து நாள் வீட்டில் தனித்திருக்கும்படி அரசு சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சிவந்த கண்ணை மறைத்துக்கொண்டு வந்தாள். வருகை எண்ணிக்கை குறையக்கூடாதாம். அவளுடைய கண் மையை நால்வர் வாங்கித் தீட்டிக்கொண்டோம். அடுத்த வாரம் அந்தப் பெஞ்சே காலியாயிற்று. மெட்ராஸ் ஐ பார்வையால் ஒட்டாது. கையால், கைக்குட்டையால், துண்டால், மையால் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. எங்கள் வீடுகளிலிருந்து அது கம்பெனிப் பேருந்தில் ஏறும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்க இடமுண்டு. அவர்களோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்பவர்கள்தாம் எங்கள் அம்மாக்களும் அக்காக்களும்.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. கண் நோயால் வராத நாட்களை வருகைக் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள். பெற்றோர் ஒரு வரி எழுதித் தந்தாலே போதும் என்று வையுங்கள். டாக்டர் சீட்டுக் கேட்டால், சாதாரண மெட்ராஸ் ஐக்கும் ஒரு நாள் கூலியைத் தொலைக்க வேண்டிவரும். காலையில் கண் சிவந்து வரும் சின்ன வகுப்புப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புமுன், நோய் அறையில் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறதா, வலி என்கிறதா, ஒற்றைக் கண்ணால் எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்களே முறை வைத்துக்கொண்டு இதைச் செய்யத் தயார். விடையில் கோளாறு தெரிந்தால், அம்மா ஷிப்டில் இருந்தாலும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். "உங்கள் மகளுக்குக் கண் சிவந்திருக்கிறது" என்று சொன்னால் மேற்பார்வையாளர் அனுப்பமாட்டார். "வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, பார்வை மங்குகிறது, இன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்" என்று பள்ளியிலிருந்து சொன்னால் அனுப்புவார். எங்கள் அம்மாவுக்கு அன்று அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

தம்பி இப்போது மூன்றாம் வகுப்பு. முன் பெஞ்சில், கரும்பலகைக்கு வலது புறமாய் உட்காருகிறான். ஞாயிறுதோறும் காலண்டர் முன் நின்று நல்ல கண்ணை மூடிக்கொண்டு படித்துக் காட்டுவான். தேதி தெரிகிறது. கிழமை தெரிகிறது. நல்ல நேரம் அச்சிட்டிருக்கும் சின்ன எழுத்து மட்டும் இன்னும் தெரியவில்லை.